மார்கழிப் பனியில் சைக்கிள் (கடிதம்)

வணக்கம் சார்,

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஹைக்கூ எழுதிப் பகிர்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அவரவர் மொழியில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் போட வேண்டும். நான் போட்டது இது:

மார்கழிப் பனி
கோலத்தின் குறுக்கே
பால்காரர் சைக்கிள் தடம்

ஆங்கிலத்துக்கு ஃபோனை நம்பினேன். அது பனியை ‘ஸ்நோ’ ஆக்கிவிட்டது. கனடாவிலிருந்து ஒருவர், ‘அவ்வளவு பனியில் சைக்கிள் எப்படி ஓடும்?’ என்று கேட்டார். இருபது பேர் இதயம் போட்டிருந்தார்கள். எதைப் படித்துப் போட்டார்களோ! இன்னொருவர் ‘மூன்று வரிக்கும் 5-7-5 என்ற ஒலிக்கணக்கு வரவில்லையே’ என்றார். தமிழில் எதை எண்ணுவது? இப்படி மொழி தாண்டிப் பகிர்வதில் பயன் உண்டா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

கும்பகோணத்தில் ஸ்நோ கொட்டியதை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் இது ஜப்பானிய ஹைக்கூ ஆசான் பாஷோவுக்கே நடந்த கதைதான்.

1686இல் அவர் எழுதிய பழைய குளத்துத் தவளைக் கவிதையைப் படித்திருப்பீர்கள். ஹைக்கூவில் தவளை என்றால் வசந்தம். பருவத்தைக் காட்டும் சொல்லுக்கு ‘கிகோ’ என்று பெயர்; அவற்றைத் தொகுத்த ‘சைஜிகி’ என்ற அகராதிகளே உண்டு. வெறுமனே நிலா என்றால் அங்கே இலையுதிர்கால நிலா. நமக்கோ தவளை என்றதும் காதில் விழுவது மழை. ஆக பாஷோ வசந்தத்தில் நிற்கிறார், தமிழில் படிப்பவர் ஐப்பசியில் நிற்கிறார்.

குதித்தது ஒரு தவளையா, பலவா? ஜப்பானிய மூலம் அதைச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதை மொழிபெயர்த்தவர்களில் லாஃப்காடியோ ஹெர்ன் பன்மையில் போட்டார், பலர் ஒருமையில். தமிழில் ‘பழைய குளம் / தவளை குதிக்கும் / நீர்ச்சத்தம்’ என்று எழுதினால் எண்ணிக்கையே தேவையில்லை. ஆங்கிலம் வழியாகவே போய்வருவதால் இந்த வசதி நம் கண்ணில் படுவதில்லை. பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது, ஜப்பானியக் கவிஞர் உயோனே நோகுச்சி ஆங்கிலப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துத்தான் எழுதினார். அவருக்கு வேறு வழியில்லை. உங்கள் குழுவில் ஜப்பான்காரர் யாராவது இருந்தால் சொல்லுக்குச் சொல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

5-7-5 விஷயம் சுலபம். ஜப்பானியர் எண்ணுவது கிட்டத்தட்ட நம் மாத்திரையை. நெடிலுக்கு இரண்டு. ‘நிப்பொன்’ என்பதில் நி, ப், பொ, ன் என்று நான்கு. நாம் அரை மாத்திரை கொடுக்கிற ஒற்றுக்கு அங்கே முழுசாக ஒன்று. இந்தக் கணக்கைத் தமிழில் நிரப்பப் போனால் ‘அந்த’, ‘ஒரு’ என்று வேண்டாத சொற்கள்தான் வந்து உட்காரும். விட்டுவிடுங்கள்.

இருபது இதயத்தைவிட அந்தக் கனடாக்காரரின் கேள்வி மேல். மனிதர் படித்திருக்கிறார்! ஜப்பானில் ‘குகாய்’ என்று ஹைக்கூ எழுதுவோர் கூடுவார்கள். கவிதைகளைத் துண்டுச் சீட்டுகளில் பெயரில்லாமல் எழுதிப் போடுவார்கள். சீட்டுகளைக் கலைத்துப் பங்கிட்டு, அவரவர் கைக்கு வந்ததை வேறு தாளில் படியெடுப்பார்கள். கையெழுத்தை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதாம். அப்புறம் தாள்கள் சுற்றிவரும். பிடித்ததைத் தேர்ந்து வாசிப்பார்கள். தன் கவிதை வாசிக்கப்பட்ட பிறகுதான் எழுதியவர் பெயரைச் சொல்வார். ஆசான் எழுதியது தேறாமல், நேற்று வந்தவருடையது தேறலாம். உங்கள் குழுவிலும் ஒரு மாதம் செய்து பாருங்கள்: எல்லாரும் ஒருவருக்கு மட்டும் அனுப்பட்டும், அவர் பெயரை எடுத்துவிட்டுப் பொதுவில் போடட்டும். இதயத்துக்குப் பதில், ஏன் பிடித்தது என்று ஒரு வரி.

உங்கள் கவிதையில் ‘ஸ்நோ’வை எடுத்துவிட்டு ‘ட்யூ’ (பனித்துளி) போட்டாலும் முழுசாகத் தீராது. மார்கழியும் அரிசிமாவும் அங்கே யாருக்குத் தெரியும்? கீழே இரண்டு வரி குறிப்பு கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது ‘தடம்’ மட்டும்தான். ‘பால்காரர் சைக்கிள்’ என்று நிறுத்தினால் போதாதா?

அது சரி, கனடாக்காரருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவே இல்லையே?