ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸுக்கு யாரிடம் பணம் கட்டுவது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறேன். முன்பதிவை உறுதிசெய்து அனுப்பும் மின்னஞ்சல்களை ஜிமெயில் 550-5.7.25 என்ற பிழையுடன் திருப்பி அனுப்புகிறது. சேர்வர் வேறொரு நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்தது. டொமைன் (இணையப் பெயர்) விற்றவர் ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது எண் முகவரியைக் கொண்டு பெயரைக் காட்டும் பதிவு, செய்து தருவதாகக் கட்டணம் வாங்கினார், ஒன்றும் மாறவில்லை. (உப்புவெளி)

பதில்: அனுப்பும் முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் இல்லை அல்லது பொருந்தவில்லை என்பதே அந்தப் பிழையின் பொருள். செய்ய முடியாத வேலைக்கு உங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். டொமைன் விற்றவரின் கையில் இருப்பது, உங்கள் டொமைன் பெயருக்கு எந்த ஐபி முகவரி (இணையத்தில் சேர்வரின் எண்) என்று சொல்லும் பதிவு மட்டுமே. அந்த முகவரிக்கு எந்தப் பெயர் என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு, அதாவது பிடிஆர் பதிவு, வேறிடத்தில் இருக்கிறது: 203.0.113.25 என்ற முகவரியாக இருந்தால், அது 25.113.0.203 என்று புரட்டப்பட்டு, இன்-அடர்.ஆர்பா என்ற வாலுடன், முகவரித் தொகுதியை வைத்திருக்கும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேர்வரில் எழுதப்படும். காணி ஒருவருடையது, உறுதி முடிப்பவர் இன்னொருவர் என்றால் செல்லுமா? சேர்வர் வாடகைக்குத் தந்தவரிடமே கேளுங்கள். பலர் தங்கள் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே இதற்கு ஓர் இடம் வைத்திருப்பார்கள், கட்டணமும் பெரும்பாலும் இராது. எழுதப்படும் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்பி வர வேண்டும். கூகுள் 2024 பெப்ரவரி முதல் இரு திசைப் பதிவுகளையும் எல்லா அனுப்புநர்களிடமும் எதிர்பார்க்கிறது. கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறு டொமைன் விற்றவரிடம் பற்றுச்சீட்டுடன் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: வீட்டு இணைய இணைப்பில் மின்னஞ்சல் சேர்வர் வைத்தால் பிடிஆர் கிடைக்குமா? (கிண்ணியா)

பதில்: வீட்டு இணைப்பின் ஐபி பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் ஐபிக்கு உங்கள் பெயரில் பிடிஆர் கிடைக்காது.

கேள்வி: மலிவாக இருந்ததால் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி ஒரு சேர்வரை எடுத்தேன். பிடிஆர் வசதி இல்லை என்று இப்போது சொல்கிறார்கள். விதிமுறைகளை நான் வாசிக்கவில்லை. (திருகோணமலை நகர்)

பதில்: வாசிக்காததை நீங்களே எழுதிய பிறகு நான் யாரைக் குறை சொல்வது? பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடியவில்லையானால் இன்றே கேளுங்கள். ஆனாலும் எனக்குத் தீராத கோபம் விற்பவர்கள் மீதுதான். நிலையான ஐபி என்று மாதந்தோறும் கூடுதல் கட்டணம் வாங்குகிறவர்கள், அதில் பிடிஆர் எழுதித் தருவார்களா, சேர்வர்கள் மின்னஞ்சலைக் கைமாற்றும் வழியான 25ஆம் போர்ட் திறந்திருக்குமா என்ற இரண்டையும் விளம்பரத்தில் சொல்வதே இல்லை. வாங்கியவர் மின்னஞ்சல் போகவில்லை என்று தொலைபேசியில் அழும்போதுதான் அவை வெளிவருகின்றன. நான் மலிவுக்கு எடுத்த ஒரு சேர்வரில் பிடிஆர் ஒழுங்காகவே இருந்தது. முன்பு அந்த ஐபியை வைத்திருந்தவர் அனுப்பிய குப்பை மின்னஞ்சல்களால் முகவரிதான் தடைப்பட்டியலில் கிடந்தது. ஆகவே தடைப்பட்டியலையும் பணம் கட்டுமுன் பாருங்கள்.

கேள்வி: பதிவு எழுதியாயிற்று என்கிறார்கள். எப்படி நம்புவது? (மூதூர்)

பதில்: நம்ப வேண்டாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்அப் (nslookup) என்ற கட்டளையுடன் உங்கள் ஐபியைத் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பெயர் வந்தால் அதே கட்டளையில் அந்தப் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். பழைய விடை தற்காலிக நினைவில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மறுநாளும் வராவிட்டால் மட்டும் சண்டைக்குப் போங்கள்.