கண் விலகினால் குவளை நழுவுகிறது

கேள்வி: என் கணவருக்கு வயது 63. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. இப்போது நடக்கிறார். கையைத் தோள்வரை தூக்குகிறார், விரல்களை மெதுவாக விரித்து மடக்குகிறார். ஆனால் "மரக்கட்டை மாதிரி இருக்கு" என்கிறார். கோப்பிக் குவளை மூன்று உடைந்தாயிற்று. இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்பதால் நான்தான் ஊட்டுகிறேன். ஆறு மாதம் தாண்டினால் இனி வராது என்கிறார் நாத்தனார். ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் எண்ணெய் தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: எனக்கு வேண்டிய ஒரு விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. குவளை எப்போது விழுகிறது? பார்த்துக்கொண்டே பிடித்திருக்கும்போதா, டிவி பக்கம் திரும்பும்போதா? திரும்பும்போதுதான் என்பது என் ஊகம். குவளை லேசாக வழுக்கினாலே விரல்நுனி சேதி சொல்லும், நமக்குத் தெரியாமலே பிடி இறுகும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை. அதனால் கண்ணால் பிடிக்கிறார். கண் விலகினால் பிடியும் போய்விடுகிறது. நம்ப முடியாத கையை யார்தான் பயன்படுத்துவார்கள்? பலம் திரும்பிய பிறகும் அது மடியிலேயே கிடக்கும்.

தெரப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கை எவ்வளவு உயர்கிறது என்றுதான் அளந்துகொண்டிருந்தேன். கூம்பு அடுக்குவது, குச்சி செருகுவது எல்லாமே கண் பார்த்துச் செய்கிற வேலைகள். தொடு உணர்வுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது உறைக்கச் சில வருஷம் ஆனது.

மெல்பர்னில் லீயன் கேரி குழுவினர் 50 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் கண்ணை மூடிக்கொண்டு சொரசொரப்பை வேறுபடுத்தினார்கள், பொருளைத் தடவி என்னவென்று சொன்னார்கள், மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று கணித்தார்கள். தவறினால் உடனே திருத்தம். மறு பிரிவினருக்குப் பொருள்கள் கையில் பட்டன, அவ்வளவுதான். பத்து அமர்வில் முதல் பிரிவினரின் உணர்வு தெளிவாகத் தேறியது. அவர்களில் பலருக்குப் பக்கவாதம் வந்து பல மாதம் ஆகியிருந்தது. முதல் மூன்று மாதத்தில் வேகமாகத் தேறும் என்பது உண்மை. அதற்கப்புறம் கதவு சாத்திவிடும் என்று நாத்தனார் பயப்பட வேண்டாம்.

எண்ணெய்க்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இதமாகத் தேய்த்தால் சுகம், தேய்த்துவிடுங்கள். ஆனால் அங்கே தேடுவது தேய்ப்பவரின் கை, இவர் கை சும்மா இருக்கிறது. தோளை இழுத்து நீவ மட்டும் யாரையும் விடாதீர்கள். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதாக இறங்கிவிடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான்.

வீட்டில் தொடங்க நம்மூர்ச் சில்லறையே போதும். 2013-இல் வந்த நாணய வரிசையில் மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும். முதலில் 5 காசு நாணயமும் ஒரு வெள்ளி (டாலர்) நாணயமும் மட்டும். கண்ணை மூடி வலக்கையில் உருட்டட்டும், எது என்று சொல்லட்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கட்டும், இடக்கையில் உருட்டட்டும், மறுபடி வலக்கையில். பழகியதும் பச்சரிசிப் பானைக்குள் புதைத்துத் தேடவிடுங்கள். என்னிடம் வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூன்று வாரம் எதைக் கொடுத்தாலும் "ஒரு வெள்ளி" என்றார். ஒருநாள் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்து, "இது சின்னதா இருக்கே, தங்கச்சி?" என்றார். அவர் சரியாகச் சொன்னதைவிட, விரல் தானாக உருட்டியதுதான் எனக்குச் சந்தோஷம்.

ஊட்டுவதை நிறுத்துங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையையே வேலை வாங்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 222 பேரிடம் இரண்டு வாரம் செய்து பார்த்து, பலன் ஓராண்டுக்குப் பிறகும் இருந்ததாக 2006-இல் எழுதினார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே அது ஏற்றது, தெரப்பிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலோ உறை மாட்டாமலே பாதி வேலை நடந்திருக்கிறது. இடக்கையால் சாப்பிடமாட்டேன் என்கிறாரே! ஆறிய இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். சிந்தட்டும்.

சூடு தெரியாத கை என்பதை மறக்கவேண்டாம். குளிக்கும் நீரை இடக்கையால் பார்க்கட்டும். இரவில் வலக்கையில் காயம், சிவப்பு இருக்கிறதா என்று நீங்கள் ஒருமுறை பாருங்கள். பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ அடுத்த முறை போகும்போது, "உணர்வுப் பயிற்சி வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பேரப்பிள்ளை வந்து போகிற வீடு என்றால், காசு கிடக்கிற அந்த அரிசிப் பானையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.