பழைய கமாரோ: எந்த ஆப்ஷனுக்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: டெக்சாஸில் வேலை செய்கிறேன். செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கமாரோ வாங்க வேண்டும் என்பது சிறுவயது ஆசை. 2010 முதல் 2015 வரையிலான மாடல்களில் பழைய கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விற்பவர்கள் ஆர்எஸ், 2எஸ்எஸ், 1எல்இ என்று அடுக்குகிறார்கள். இவற்றில் எது தேவை, எதை விட்டுவிடலாம்? தினமும் அலுவலகத்துக்கு ஓட்டப்போகிறேன். ஐந்து வயதில் மகள் இருக்கிறாள்.

பதில்: பிறகு கடையில் வாங்கிப் பொருத்திக்கொள்ளக்கூடிய எதற்கும் இன்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றைத் தொழிற்சாலையில் பொருத்தியபடி வாங்குவதே மலிவு. பணம் அங்கே போகட்டும்.

2002இல் நின்றுபோன கமாரோவுக்காக ரசிகர்கள் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2006 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியைச் செவர்லே காட்டியதும் அவர்களுடைய ஆசைப்பட்டியல் நீண்டது: 1969ஆம் ஆண்டு கமாரோவின் முகம், எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின், மேனுவல் கியர், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், கியர் லீவருக்கு முன்னால் நான்கு சிறிய மானிகள். 2009 மார்ச்சில் கனடாவின் ஒஷாவா ஆலையில் உற்பத்தி தொடங்கியபோது இவை எல்லாமே வந்துவிட்டன. எடை குறைய வேண்டும், வளைவில் வண்டி இன்னும் கூர்மையாகத் திரும்ப வேண்டும், பின்னால் தெரிய கேமரா வேண்டும் என்ற மற்ற ஆசைகள் ஆண்டுக்கு ஒன்றாகத்தான் நிறைவேறின. ஆகவே வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் எழுத்துகளைவிட, அது எந்த ஆண்டு மாடல் என்பதை முதலில் பாருங்கள்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். 2010, 2011 மாடல்களின் ஆறு சிலிண்டர் கொண்ட 3.6 லிட்டர் வி6 எஞ்சினில் டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) தளர்ந்துபோவது பலரும் அறிந்த குறை. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாத வண்டிகளில் இது சீக்கிரமே தலைகாட்டும். ஆயில் மாற்றிய ரசீதுகள் இல்லாத வண்டி என்றால் விட்டுவிடுங்கள். 2012இல் வி6 எஞ்சினையே புதிதாக்கினார்கள். சக்தியும் 323 குதிரைத்திறனாக உயர்ந்தது. தினசரி அலுவலகப் பயணத்துக்கு இது தாராளமாகப் போதும். வி6தான் என்று முடிவுசெய்தால் 2012க்கு முந்தைய வண்டியைத் தேடாதீர்கள்.

எஸ்எஸ் என்றால் வி8. இதில் பலருக்குத் தெரியாத ஒரு வேறுபாடு உண்டு. மேனுவல் கியர் வண்டியில் இருப்பது எல்எஸ்3, 426 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் வண்டியில் இருப்பது எல்99, 400 குதிரைத்திறன். இரண்டும் 6.2 லிட்டர்தான். ஆனால் எல்99இல், எரிபொருளை மிச்சப்படுத்த, சீராக ஓடும்போது நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். அதற்கென இருக்கும் வால்வு லிஃப்டர்கள்தான் பிற்காலத்தில் செலவு வைக்கின்றன. ஆட்டோமேட்டிக் எஸ்எஸ் பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பானட்டைத் திறந்து காது கொடுங்கள். 'டிக், டிக்' என்ற சத்தம் சீராகத் தொடர்ந்து, எஞ்சின் சூடான பிறகும் அடங்காவிட்டால் அந்த வண்டி வேண்டாம். மேனுவல் ஓட்டத் தெரியும் என்றால் என் ஓட்டு எல்எஸ்3க்குத்தான்.

ஆர்எஸ் பேக்கேஜ் பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்டது. ஒளிவளையம் சூழ்ந்த, எச்ஐடி எனப்படும் பிரகாசமான முகப்பு விளக்கு, கருமை படர்ந்த பின்விளக்கு, 20 அங்குலச் சக்கரம் என்று போகும். கண்ணுக்கு இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஹெட்அப் டிஸ்ப்ளே வேறு ரகம். வேகத்தையும் எஞ்சின் சுழற்சியையும் கண்ணாடியிலேயே காட்டும் இந்த வசதி 2011 முதல் கூடுதல் வசதிகள் கொண்ட 2எல்டி (வி6), 2எஸ்எஸ் (வி8) வகைகளில் வந்தது. பிறகு பொருத்துவது எளிதல்ல. கமாரோவின் மானிகள் ஆழமான குழிக்குள் இருப்பதால் இது நன்றாகவே உதவும். டெக்சாஸ் வெயிலில் போலரைஸ்டு குளிர்கண்ணாடி போடுபவர் என்றால், அதை அணிந்தபடியே ஓட்டிப் பாருங்கள். எழுத்துகள் மங்கிவிடும்.

இந்த வண்டியின் உண்மையான குறை பார்வைதான். கூரை தாழ்வு, பின்கண்ணாடி ஒடுக்கம், பின்தூண் அகலம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தை தெரியவே தெரியாது. வீட்டில் சிறு பெண் இருக்கும் உங்களுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்பேன். 2012 முதல் அது கிடைக்கிறது. கேமரா இல்லாத வண்டியே பிடித்துப்போனால், வாங்கிய வாரமே வெளிக்கடையில் கொடுத்துப் பொருத்திவிடுங்கள்.

1எல்இ பற்றி ஆசையோடு கேட்டிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. 1988இல் பந்தயக்காரர்களுக்காகத் தொடங்கிய இந்தக் குறியீட்டை 2013இல் மேனுவல் எஸ்எஸ் கூபேக்கு 3,500 டாலர் ஆப்ஷனாக மீண்டும் கொண்டுவந்தார்கள். முன்னும் பின்னும் 285 மி.மீ. அகல டயர், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தடித்த ஸ்டெபிலைசர் பார், 580 குதிரைத்திறன் கொண்ட இசட்எல்1 வண்டியிலிருந்து எடுத்த பாகங்கள், பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் 3.91 கியர் விகிதம் என்று அந்த விலைக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ரசிகர்களின் குரலுக்கு ஒரு நிறுவனம் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னது அபூர்வம். ஆனாலும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சஸ்பென்ஷன் இறுக்கம் குண்டும் குழியுமான சாலையில் முதுகில் தெரியும். 3.91 விகிதத்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதல் வேகத்தில் சுழன்று பெட்ரோலைக் குடிக்கும். 2014இல் வந்த இசட்/28 இன்னும் ஒரு படி மேல்: எடையைக் குறைக்க ஏசியையே ஆப்ஷனாக்கினார்கள், ஒலிபெருக்கியும் ஒன்றே ஒன்றுதான். பந்தயத்தடத்தில் அது ராஜா. ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்க ஏற்றதல்ல.

உங்களுக்கு என் தேர்வு: 2012 அல்லது 2013 மாடல் 2எஸ்எஸ், மேனுவல். 2012இல்தான் எஸ்எஸ்ஸின் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தினார்கள். வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போகும் பழைய போக்கு குறைந்தது. பிரெம்போ பிரேக் எல்லா எஸ்எஸ்ஸிலும் உண்டு. நான்கு மானிகளும் 2எஸ்எஸ்ஸில் சேர்ந்தே வரும். மேனுவல் வேண்டாம் என்றால் 2012 வி6 2எல்டி.

பார்க்கப் போகும்போது மகளுக்கான கார் இருக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பின்சீட்டில் அதைக் கட்டி, முன்சீட்டை உங்கள் கால் நீளத்துக்கு வைத்துப் பாருங்கள். டிக்கியின் வாய் சிறியது. வார மளிகைப் பைகளே இடிக்கும். கையுறைப் பெட்டியிலோ டிக்கியிலோ மூன்றெழுத்துக் குறியீடுகள் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கும். எல்எஸ்3, எல்99, 1எல்இ போன்றவை அதில் இருக்கின்றனவா என்று ஒத்துப்பாருங்கள். வெளியே ஒட்டிய பட்டையை யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

இன்னொன்று. ஓட்டுநரின் முழங்கால் பட்டால் சாவி திரும்பி எஞ்சின் அணைந்துவிடக்கூடும் என்பதால், 2010 முதல் 2014 வரையிலான கமாரோக்களை 2014 ஜூனில் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் திரும்ப அழைத்தது. சாவியும் ரிமோட்டும் ஒன்றாக இருந்ததைப் பிரித்துக் கொடுப்பதுதான் தீர்வு. நீங்கள் பார்க்கும் வண்டியில் சாவி இன்னும் ரிமோட்டுக்குள் மடங்குகிறது என்றால் அந்த வேலை நடக்கவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னைப் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலை அது. முடித்துக் கொடுத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.