உப்புத் தண்ணீரில் கருப்பு கேரட் வருமா?

கேள்வி: பெரியபட்டினம் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் 50 சென்ட் மணல் நிலம் இருக்கிறது. போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். இதுவரை மிளகாய்தான் போட்டேன். கருப்பு கேரட் புற்றுநோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. முழு இடத்திலும் அதைப் போட்டு, அப்படிச் சொல்லியே விற்கலாமா? அம்மா கீமோ சிகிச்சையில் இருக்கிறார். அவருக்கும் தினமும் அதைப் பச்சையாகவே ஜூஸ் போட்டுக் கொடுக்கலாமா ஐயா?

பதில்: முதலில் அம்மா விஷயம் தம்பி. கீமோ நடக்கும்போது ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறையும். அந்த நேரத்தில் பச்சைக் காய், பச்சை ஜூஸ் வழியாகக் கிருமி தொற்றினால் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வேகவைத்த கேரட்டை வழக்கமான சாப்பாட்டோடு சாப்பிடலாம், ஆனால் அதை மருந்துக்கு மாற்றாக நினைக்கக் கூடாது.

வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. கருப்பு கேரட்டின் நிறம் ஆந்தோசயனின். நாவல் பழத்துக்கு நிறம் தருவதும் அந்த வகைதான். சிவப்பு கேரட்டில் லைக்கோபீன், ஆரஞ்சில் பீட்டா கரோட்டின், மஞ்சளில் லூட்டின். நிறம் எதுவானாலும் எல்லாக் கேரட்டிலும் ஃபால்காரினால் என்றொரு பொருள் கொஞ்சம் உண்டு. டென்மார்க்கில் எலிகளுக்குக் கேரட்டும் ஃபால்காரினாலும் கொடுத்துப் பார்த்ததில், பெருங்குடலில் புற்றுக்கு முந்தைய கட்டிகள் குறைந்தன. அதே நாட்டில் சுமார் 57,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வந்தது. வாரம் இரண்டு முதல் நான்கு பச்சைக் கேரட்டோ அதற்கு மேலோ தின்றவர்களுக்கு, பச்சைக் கேரட் தின்னாதவர்களைவிடப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் தின்றதும் சாதாரண ஆரஞ்சு கேரட்தான். கேரட் தின்பவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுபவர்களாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆந்தோசயனின் கதை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்கள் மீது ஊற்றும் அளவு வேறு, நாம் தின்று ரத்தத்தில் சேரும் சொற்ப அளவு வேறு. சத்தைத் தனியே பிரித்து மாத்திரையாக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தாகிவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 1994இல் முடிவு வெளியானபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. ஆகவே "புற்றுநோய்க்கு நல்லது" என்று பலகை மாட்டி விற்காதீர்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துபோல விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

சரி, நிலத்துக்கு வருவோம். உப்புக்கு மிகவும் அஞ்சும் காய்கறிகளில் கேரட்டும் ஒன்று. மண்ணின் இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன்) 1ஐத் தாண்டினாலே மகசூல் இறங்கும். அதற்குமேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ 14 சதவீதம் போகும். உங்கள் மண் 4இல் இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கையில் மிஞ்சும். அதே 4 வரை பீட்ரூட் அசராது, முளைக்கும் பருவத்தில் மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும்.

அடுத்தது வெயில். கேரட் நன்றாக நிறம் பிடிக்க 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி வேண்டும். நம் கடற்கரையில் மார்கழி இரவுகூட அப்படிக் குளிராது. டெல்லி பூசா நிறுவனத்தின் கருப்பு ரகமான பூசா அசிதா, சிவப்பு ரகமான பூசா ருதிரா இரண்டும் சமவெளி ரகங்கள்தான், ஆனால் அவை வளர்வது வடநாட்டுக் குளிர்காலத்தில். மணல் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு வேறு இருக்கும். வந்தால் கிழங்கு கிளைத்துக் கோணிப்போகும்.

எனவே 50 சென்ட் வேண்டாம், ஒரு சென்ட்டில் போட்டுப் பாருங்கள். கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்த பிறகு, மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். முன்னால் விதைத்தால் ஒரே மழையில் விதை மணலோடு போய்விடும். நன்கு மக்கிய தொழு உரம் மட்டும் போடுங்கள், பச்சைச் சாணம் கிழங்கைப் பிளக்கும். மூன்று மாதம் தாண்டி ஒரு கிழங்கைப் பிடுங்கிப் பாருங்கள். விற்பனையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கருப்பு கேரட் சாம்பாரில் விழுந்தால் சாம்பாரே கருத்துவிடும், நம் சந்தையில் அதைக் கேட்டு வாங்குபவர் குறைவு. வீட்டுக்குத்தான் என்றால் வெட்டாமல் முழுசாக வேகவைத்து அப்புறம் நறுக்குங்கள், சத்து தண்ணீரில் அதிகம் இறங்காது.

விதை வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள். வயலில் நாலைந்து இடத்து மண்ணையும் கலந்து அரைக் கிலோ எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் உள்ள கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் எங்கே பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள். தண்ணீரின் இ.சி. 1ஐத் தாண்டினால் கேரட் விதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், பீட்ரூட் போடுங்கள்.