அட்லாண்டாவில் குடியிருந்துகொண்டு தென் ஜார்ஜியாவின் கிராமத்துக் கவுண்டியில் பெட்ரோல் பங்க் கடை நடத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் ஐடி வேலையில் இருக்கிறார். கிரீன் கார்டு வந்துவிட்டது. தென் ஜார்ஜியாவில் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்று மலிவாக விலைக்கு வருகிறதாம். குடும்பம் அட்லாண்டாவிலேயே இருக்கட்டும், ஆள் வைத்து நடத்திக்கொண்டு வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தால் போதாதா என்கிறார்.

போதாது. அந்த ஊருக்கே குடிபோகத் தயார் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் பணத்தை வேறு எதிலாவது போடுங்கள்.

நான் இருப்பது விடேலியா வெங்காயம் விளையும் 20 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்று. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் எங்கள் பங்க் கடை எதுவென்று தெரிந்துவிடும். இங்கே நம்மவர் கடை ஒன்றுதான். ஜார்ஜியாவில் மொத்தம் 159 கவுண்டிகள். டெக்சாஸை விட்டால் நாட்டிலேயே இதுதான் அதிகம். பல கவுண்டிகளில் நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றின் ஜனம்கூடத் தேறாது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனி கோர்ட் ஹவுஸ், தனி ஷெரீஃப், வரி வசூலிக்க டாக்ஸ் கமிஷனர், உயில் முதல் துப்பாக்கி லைசென்ஸ் வரை பார்க்கும் புரோபேட் ஜட்ஜ், கோர்ட் கிளார்க். எல்லாருமே ஓட்டு வாங்கி வந்தவர்கள். அட்லாண்டாவில் ஒரு வெப்சைட்டில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். இங்கே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவே நாளைக் காலையில் உங்கள் கடையில் காபி வாங்குவார். இது வசதி என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒருவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனால், மதியத்துக்குள் ஊருக்கே தெரியும்.

முதலில் பணக் கணக்கு. பெட்ரோலில் லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கேலனுக்குச் சில சென்ட் நிற்கும், கிரெடிட் கார்டுக்காரன் அதிலும் கை வைப்பான். பெட்ரோல் ஆளைக் கடைக்குள் இழுக்கத்தான். பணம் உள்ளே இருக்கிறது: காலையில் பிஸ்கட்டும் (இங்கே அது மெத்தென்ற ரொட்டி) சாசேஜும், மதியம் பொரித்த கோழி, வேகவைத்த வேர்க்கடலை, ஐஸ், பீர், புகையிலை, லாட்டரி. பச்சை வேர்க்கடலையை உப்புப்போட்டு மணிக்கணக்கில் வேகவைத்துத் தண்ணீரோடு கப்பில் ஊற்றிக் கொடுப்பார்கள். நம்மூர் அவித்த கடலையேதான், உப்பு மட்டும் நாலு மடங்கு.

விற்பனை மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஜார்ஜியாவில் அரசின் உணவு உதவித்தொகை ஈபிடி கார்டில் மாதம் 5ஆம் தேதி முதல் 23 வரை ஆள் ஆளாகப் பிரித்து ஏறும். அதற்கப்புறம் மாதக் கடைசி வரை கல்லா இளைத்துவிடும். அந்த நாட்களில் கடன் கேட்பார்கள். நோட்டு போட்டுக் கடன் கொடுப்பது உங்கள் இஷ்டம், எங்களிடமும் ஒரு நோட்டு உண்டு. ஆனால் அந்தப் பழைய கடனை ஈபிடி கார்டில் தேய்த்து வசூலிக்கக் கூடாது. சூடான சாப்பாட்டுக்கும் அந்தக் கார்டு செல்லாது. பிடித்தால் கடையைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள், பிறகு பாதி ஊர் உங்கள் வாசலை மிதிக்காது. தூரத்தில் இருக்கும் முதலாளியின் கடையில் இந்தத் தப்பு எளிதாக நடக்கும், ஏனென்றால் கவுண்டரில் நிற்பவருக்குக் கடன்காரர் சித்தப்பாவாகவோ பள்ளித் தோழனாகவோ இருப்பார்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் மூலையில் பளபளவென்று நிற்கும், காசு போட்டு ஆடும் விளையாட்டு மெஷின்கள். விற்பவர் காட்டும் வருமானத்தில் இவை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஜார்ஜியாவில் இவற்றை 2013 முதல் லாட்டரி கார்ப்பரேஷன்தான் கண்காணிக்கிறது. ஜெயித்தவனுக்குக் கடைப்பொருளாகவோ பெட்ரோலாகவோ லாட்டரிச் சீட்டாகவோ கொடுக்கலாம், ரொக்கமாகக் கையில் கொடுத்தால் குற்றம். கடையின் மொத்த வரவில் இந்த மெஷின்களின் பங்கு பாதியைத் தாண்டவும் கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் மேஜைக்கு அடியில் நோட்டை நீட்டி, கைவிலங்கோடு உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்த நம் நாட்டுக் கடைக்காரர்கள் உண்டு. லைசென்ஸ் உங்கள் பெயரில், கல்லா இன்னொருவர் கையில் என்றால் இரவு பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று கேமரா வைத்துக்கூட உங்களால் முழுசாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று. கடையை வாங்கினால் லைசென்ஸும் கூடவே வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈபிடி, லாட்டரி, பீர், புகையிலை எல்லாவற்றுக்கும் உங்கள் பெயரில் புதிதாக எழுதிப் போட வேண்டும். பீருக்கு மாநிலத்திடம் ஒன்று, கவுண்டி அல்லது நகரத்திடம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பீர் விற்கலாமா என்பதை 2011 சட்டம் அந்தந்த ஊர் ஓட்டுக்கு விட்டுவிட்டது. ஆகவே ரோட்டுக்கு இந்தப் பக்கம் விற்கலாம், நகர எல்லை தாண்டி அந்தப் பக்கம் விற்கக் கூடாது என்றுகூட இருக்கலாம். தரைக்கு அடியில் இருக்கும் டாங்கிகளின் வயது, கசிவுச் சோதனைக் காகிதம், பெட்ரோல் சப்ளை செய்பவரோடு விற்பவர் போட்ட ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி, இவை மூன்றையும் வக்கீல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மண்ணில் பெட்ரோல் இறங்கியிருந்தால் அது உங்கள் தலைவலி. சொத்து வரியைச் சந்தை மதிப்பின் 40 சதவீதத்துக்குப் போடுவார்கள், அலமாரியில் இருக்கும் சரக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும்கூடக் கணக்குக் காட்ட வேண்டும்.

இனி ஊர்.

இங்கே வருடம் ஜனவரியில் ஆரம்பிப்பதில்லை, ஏப்ரலில் வெங்காய அறுவடையில் ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கத்து மண்ணில் கந்தகம் குறைவு, அதனால் வெங்காயம் காரமில்லாமல் இனிக்கும். பக்கத்து டூம்ஸ் கவுண்டியில் 1931-இல் மோசஸ் கோல்மன் என்ற விவசாயி தற்செயலாகக் கண்டுபிடித்த விஷயம். 1986-இல் மாநிலம் சட்டமே போட்டுவிட்டது: இந்த 20 கவுண்டிக்கு வெளியே விளைந்ததற்கு விடேலியா என்ற பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். சாம்பாருக்கு ஆகாது, பாயசம் மாதிரி ஆகிவிடும்.

அறுவடை இன்னமும் பெரும்பாலும் கையால்தான். வேரையும் தாளையும் கத்தரியால் நறுக்கிப் போடுவதற்கு மெக்சிகோவிலிருந்து தற்காலிக விவசாய வேலைக்கான எச்-2ஏ விசாவில் ஆட்கள் வருவார்கள். சம்பள நாளன்று சாயங்காலம் பழைய ஸ்கூல் பஸ் ஒன்று கடை வாசலில் வந்து நிற்கும். மண் அப்பிய பூட்ஸோடு நாற்பது பேர் வரிசையாக உள்ளே வருவார்கள், சத்தம் இருக்காது. பாதிப்பேர் நேராகப் பணம் அனுப்பும் கவுண்டருக்குப் போவார்கள், மீதிப்பேர் டார்ட்டியா, பீன்ஸ், காய்ந்த மிளகாய் எடுப்பார்கள். அவர்களுக்காக நாங்கள் ஒரு அலமாரி வைத்தோம். கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சை, புளி எல்லாம் அதில் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு ரசம் அந்த அலமாரியை நம்பித்தான் ஓடுகிறது. சரக்கு வண்டிக்காரர் பட்டியலைப் பார்த்து இதெல்லாம் யாருக்கும் தோன்றாது. அந்தப் பஸ் வரும்போது கடையில் நீங்கள் நிற்க வேண்டும், அவர்கள் எதைத் தேடிவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அக்டோபரில் மான் வேட்டை. அதிகாலை நாலரைக்கே ஆட்கள் வருவார்கள். மானை இழுக்க மக்காச்சோள மூட்டை, ஐஸ், காபி. இடுப்பில் துப்பாக்கியோடு கவுண்டருக்கு வருகிறவரைப் பார்த்து முதலில் வயிறு கலங்கும், பிறகு பழகிவிடும். 2022-இல் இருந்து ஜார்ஜியாவில் அதற்கு லைசென்ஸும் வேண்டியதில்லை.

புதிதாக வந்தவரிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி, “எந்த சர்ச்சுக்குப் போறீங்க?” கோபப்படாதீர்கள். நம்மூர்ப் பாட்டிகள் “நீ யாரு வீட்டுப் புள்ளை?” என்று கேட்பார்களே, அதே கேள்விதான் இது. நாங்கள் இந்து என்று சொன்னதும் ஒரு கணம் திகைத்துவிட்டு, “அப்படின்னா புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்காவது வாங்க” என்றார் ஒரு பெரியவர். போனோம். மதம் மாற்றப் பார்த்தார்களா என்றால், லேசாக. சாப்பாடு நன்றாக இருந்தது.

கறுப்பர்-வெள்ளையர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். டூம்ஸ் என்ற பெயரே அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென் கூட்டமைப்பின் முதல் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் டூம்ஸின் பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சும், சாவு வீட்டுக் காரியம் பார்க்கும் நிலையமும் இன்றைக்கும் பெரும்பாலும் தனித்தனி. பங்க் கடை மாதிரி சில இடங்களில்தான் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் நிற்கும். உங்களை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று முதலில் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கத்து ஆளை ‘சார்’ என்றும் இன்னொரு பக்கத்து ஆளைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டால் எல்லாரும் கவனிப்பார்கள். சில கடைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள், வெட்கக்கேடு.

2024 செப்டம்பர் 26 நள்ளிரவில் ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரை ஏறி, விடிவதற்குள் எங்கள் பக்கம் வழியாகப் போனது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிறோம், நமக்கென்ன என்று இருந்த ஊர். காலையில் பைன் மரங்கள் தீக்குச்சி கொட்டினாற்போல ரோட்டில் கிடந்தன, பீக்கன் தோப்புகள் வேரோடு சாய்ந்திருந்தன. கரண்ட் இல்லையென்றால் டாங்கி நிறையப் பெட்ரோல் இருந்தும் ஒரு சொட்டு மேலே வராது, கார்டு மெஷினும் செத்துவிடும். அரசாங்க வண்டி வருவதற்கு முன்னே ஊர்க்காரர்களே செயின்சாவோடு வந்து ரோட்டைத் திறந்தார்கள். அன்று மத்தியானம் எங்கள் வாடிக்கையாளரான ஒரு விவசாயி டிராக்டரோடு இணைத்து ஓட்டும் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்தார். கூடவே அவர் மச்சான், எலக்ட்ரீஷியன். பம்ப் ஓடியது. ரொக்கம் உள்ளவர் கொடுத்தார், இல்லாதவர் பெயரை என் மனைவி நோட்டில் எழுதினாள். நெருக்கடி அறிவித்த நேரத்தில் விலை ஏற்றுவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்த முகங்களைப் பார்த்து ஏற்ற முடியாது. முதலாளி வெளியூரில் இருக்கும் பங்க் ஒன்று அதே ரோட்டில் உண்டு. அதற்கு யாரும் ஜெனரேட்டர் கொண்டுபோகவில்லை. அவர்மேல் விரோதம் ஒன்றுமில்லை, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

குடிவந்தால் வீட்டு வசதி எப்படி என்று சொல்கிறேன். நகரத்துக்கு வெளியே வீடு என்றால் சொந்த போர்வெல், செப்டிக் டாங்க். கரண்ட், உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வரும். பள்ளிக்கூடம் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போகாத குழந்தைக்கு நண்பர்கள் சேர்வது கஷ்டம். பெரிய வைத்தியத்துக்கு சவானாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும், வயதான பெற்றோர் உங்களோடு இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். ரிவர்டேல் பெருமாள் கோயிலுக்கு மூன்று மணி நேரம். கோடையில் கண்ணையும் மூக்கையும் சுற்றி மொய்க்கும் சின்னப் பூச்சி இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது, வாயோரத்தால் மேலே ஊதி விரட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்னூட்டத்தில் விசா பற்றிக் கேட்டவர்களுக்கு: முதலீட்டாளருக்கான ஈ-2 விசா இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது, அந்த ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை. இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். எச்-1பி-யில் இருப்பவர் கடையில் பணம் போடலாம், ஆனால் கல்லாவில் நிற்கக் கூடாது. கேள்வி கேட்டவருக்குக் கிரீன் கார்டு இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. கடன் வேண்டுமானால் உள்ளூர் வங்கியைப் பாருங்கள், மேனேஜர் நேரில் வரச் சொல்வார். மனைவியையும் அழைத்துப் போங்கள். மேனேஜர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, “வீடு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும்.