மரக்கரியும் நிலக்கரியும் ஒன்றா? வீட்டில் செய்த கரியில் தண்ணீர் வடிகட்டலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். நீங்களும் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கரி சுட டிரம்மும் கையுமாக நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான்.

நிலக்கரி, மண்ணில் புதைந்த தாவரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து உருவானது. மரக்கரிக்குச் சில மணி நேரம் போதும். ஆனால் விறகைச் சும்மா கொளுத்தினால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றை அடைத்துச் சூடேற்றினால்தான் ஈரமும் தாரும் வாயுக்களும் வெளியேறிக் கார்பன் தங்கும்.

இது தெரிந்தும் முதல் தடவை ஆசை தாங்காமல் ஒரு மணி நேரத்தில், விறகு அடைத்த டிரம்மின் மூடியைத் திறந்தேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. மிஞ்சியது இரண்டு கை சாம்பல். அடுத்த தடவை புகையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வெள்ளையாக, திரண்டு வந்தது. அது பெரும்பாலும் நீராவி. அப்புறம் கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை. கடைசியில் நூல் போல நீலம். உடனே எல்லா ஓட்டையையும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு மறுநாள்தான் திறந்தேன். ஒரு துண்டை இன்னொன்றில் தட்டினால் கிண்ணென்று சத்தம். 20 கிலோ விறகுக்கு 4 கிலோ கரி. "இவ்வளவுதானா" என்று கேட்பவர்களுக்கு: எடையில் கால் பங்கு தேறினாலே நல்ல கரிமூட்டம்.

பெருமையில் அன்றே சாக்கில் கட்டி வைத்தேன். ராத்திரி சாக்கு புகைந்தது. புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடாகும். உள்ளே கங்கு மிச்சம் இருந்திருக்கும் என்று யாராவது சொல்வீர்கள். இருக்கலாம். எப்படியானாலும் ஒரு நாள் வெளியில் பரப்பி ஆறவிட்டிருக்க வேண்டும்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். அதில் இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். கரியை மறுபடியும் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸில் நீராவியோடு சூடாக்கி நுண்துளைகளைத் திறந்துவிடுவார்கள். ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீட்டர்கூட வரும். குளோரின் வாடையை அது பிடித்துக்கொள்ளும், கிருமியைக் கொல்லாது. டிரம் கரிக்கு அந்த உட்பரப்பும் கிடையாது.

உங்கள் கரியை அடுப்பில் போடுங்கள். மூடிய அறையில் மட்டும் வேண்டவே வேண்டாம். புகை இல்லையே என்று ஏமாந்துவிடுவோம், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூளைத் தொட்டி மண்ணில் கலக்கலாம், ஆனால் முதலில் மட்கிய உரத்தில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் மண்ணில் இருக்கும் சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய குச்சிக்கரியில் என் மகள் படம் வரைகிறாள்.

மூன்றாவது மூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். டிரம்மை மச்சான் இரவல் வாங்கிப் போனார். எட்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார், மூடி இல்லாமல். கேட்டால், "டிரம்தானே கேட்டேன், மூடியை நீங்கள்தான் கூடவே கொடுத்தீர்கள்" என்கிறார்.