முதல் குண்டு ஏன் வெடிக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் இருக்கிறேன். போன ஆண்டு ஒரு பழைய பாணி ரைஃபிள் வாங்கினேன். குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற, பக்கவாட்டுக் குதிரை (சுத்தி) கேப்பை, அதாவது அடிபட்டதும் தீ விடும் சிறு உலோகக் குப்பியை, அடிக்கிற வகை. அக்டோபர் வேட்டையின் முதல் நாள் காலையில் 30 கஜத்தில் ஒரு பெட்டை மான் நின்றது. கேப் ‘டப்’ என்றது, அவ்வளவுதான். பயிற்சி மைதானத்திலும் முதல் குண்டு இப்படித்தான் ஆகிறது. நடுவில் ஒழுங்காக வெடிக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழலை நன்றாகத் துடைத்தும், ஐந்தாறு குண்டுக்கு மேல் மறுபடி தகராறு. நண்பர்கள் புதுப் பாணி ‘இன்லைன்’ துப்பாக்கி வாங்கச் சொல்கிறார்கள். இந்த அமைப்பிலேயே குறையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. முதல் குண்டும் ஆறாவது குண்டும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

உங்கள் துப்பாக்கியில் தீ போகும் வழியை மனதில் வரைந்து பாருங்கள். கேப்பில் பிறந்த தீ, அது மாட்டியிருக்கும் நிப்பிள் என்ற முனையின் சிறு துளையில் இறங்கி, அடியில் முழங்கை போலத் திரும்பி, குழலின் அடிக்குப் போய் மருந்தைத் தொடவேண்டும். இன்லைனில் கேப் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது, அதனால் திருப்பம் கிடையாது. உங்களுடையதில் அந்தத் திருப்பம் சுத்தமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் நடக்கும்.

முதல் குண்டுக்கு வருவோம். துடைத்து, எண்ணெய் பூசி, வாய் மேலே இருக்கும்படி சாத்தி வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெய் மெல்ல இறங்கி அடியில் தேங்கி, அந்த முழங்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இனி வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். வேட்டைக்குக் கிளம்பும் காலையில், குழல் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடையுங்கள். நிப்பிள் துளையில் பைப் கிளீனரை விட்டு எடுங்கள். அப்புறம் குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்து வெறும் கேப் ஒன்றை அடியுங்கள். சலாகை (குண்டைக் கெட்டிக்கும் கம்பி) முனையில் ஒரு துணி வில்லையைக் கோத்து அடிவரை இறக்கி வைத்து, குழல் வாய்க்கு நேரே ஆளோ கையோ இல்லாதபடி இரண்டாவது கேப்பை அடியுங்கள். வெளியே எடுத்த துணியில் கருகிய பொட்டு இருந்தால் வழி திறந்திருக்கிறது. ஈரக் கறை மட்டும் இருந்தால் எண்ணெய் இன்னும் போகவில்லை.

ஆறாவது குண்டின் கதை வேறு. இந்தியானாவில் இருந்த ஆண்டுகளில் நானும் இதில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு என்னைப் போல் அக்கறையாகத் துடைத்தவர் அந்த மைதானத்தில் யாரும் இல்லை, அதிகம் ஏமாந்ததும் நான்தான். காரணம் புரிய ஒரு பருவம் ஆனது. இறுக்கமான துணி பிஸ்டன் போல வேலை செய்கிறது. குழலில் படிந்த கரிச்சேற்றையெல்லாம் அடிக்குத் தள்ளி, திருப்பத்தில் அப்பிவிடுகிறது. சலாகை முனையைக் கொஞ்சம் சிறியதாக மாற்றுங்கள். துணி ஈரப்பதமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. ஒரே இழுப்பில் உள்ளே போய் வெளியே வரட்டும், மேலும் கீழும் தேய்க்காதீர்கள்.

கெட்டிக்கும்போது நிப்பிளில் கேப் இருக்கக் கூடாது, குதிரை அரை இழுப்பில் நிற்கட்டும். நிப்பிள் திறந்திருந்தால் குண்டு இறங்கும்போது காற்று அந்த வழியாக வெளியேறும், கூடவே சில மருந்துத் துகள்களையும் திருப்பத்துக்குள் கொண்டுபோகும். மருந்து கொட்டியதும் குழலின் பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவதும் இதற்காகத்தான். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து போடுகிறீர்கள் என்றால், அது பற்றிக்கொள்ள அசல் கரிமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். பக்கவாட்டுக் குதிரைக்கு நான் கரிமருந்தைத் தவிர வேறு எதையும் சொல்லமாட்டேன். முதல் அடியில் வெடிக்காத கேப் இரண்டாவது அடியில் வெடிக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் கேப் நிப்பிளில் முழுக்க உட்காரவில்லை, முதல் அடி அதை உட்காரவைப்பதிலேயே போய்விடுகிறது.

சரி, அமைப்பிலேயே குறையா என்று கேட்டீர்கள். 1834இல் வூல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியையும் கேப் துப்பாக்கியையும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தது. கல் 922 முறை ஏமாற்றியது. கேப் ஏமாற்றியது 36 முறைதான். உங்கள் கையில் இருப்பது அந்த 36இன் வம்சம்.

இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1841 மே 30 ஞாபகம் வரும். சீனாவில் பிரிட்டன் நடத்திய முதல் அபினிப் போர், காண்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்ற ஊர். தங்கள் மண்ணில் நுழைந்த படையை எதிர்த்து ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியோடு திரண்டிருந்தார்கள். இடியும் மழையுமாகக் கொட்டியதில் 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி வழிதவறித் தனியாகச் சிக்கியது. அவர்கள் கையில் கல் துப்பாக்கி. கல்லின் பொறி விழும் சிறு கிண்ணத்து மருந்து நனைந்து கூழாகிவிட்டது. சதுரமாக அணிவகுத்து, பயனெட்டை மட்டும் நம்பி மணிக்கணக்கில் நின்றார்கள். தேடிவந்து மீட்ட மரைன் வீரர்களின் துப்பாக்கிகள் அதே மழையில் வெடித்தன, அவை கேப் துப்பாக்கிகள். வூல்விச் சோதனை முடிந்து ஏழு ஆண்டு ஆகியும் மதராஸ் சிப்பாய் கைக்குக் கேப் வந்து சேரவில்லை. யாருக்காகவோ கடல் கடந்து போன நம்மூர் ஆட்களை இப்படி நிறுத்தியதை என்னால் இன்றும் ஆறிய மனதோடு வாசிக்க முடியவில்லை.

உங்கள் மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பருவத்தில் கல் துப்பாக்கிக்குத்தான் அனுமதி. அதற்கு ஆசைப்படுவதற்கு முன் இந்தக் கேப் துப்பாக்கியோடு ஒரு வருடம் பழகுங்கள்.

கடைசியாக, இதைத் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். கேப் வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால் ஒரு முழு நிமிடம் துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். உள்ளே ஒரு பொறி உறங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு புதுக் கேப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மறுபடி ஒரு நிமிடம் காத்திருந்து, நிப்பிளைக் கழற்றி, நான்கைந்து துகள் நுண்மருந்தைத் துளைக்குள் தட்டிவிட்டு, மாட்டிச் சுடுங்கள். அதற்கு முன் குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சலாகையில் இரண்டு கோடு போட்டு வைத்தால், ஒன்று காலிக் குழலுக்கு, ஒன்று கெட்டித்த குழலுக்கு, முகத்தைக் குழல் வாய்ப்பக்கம் கொண்டுபோகாமலே அது தெரிந்துவிடும்.